தோணி யாருடையது? குறிஞ்சாக்கேணி வாசகருக்குச் சில நாவல்கள்

தமிழ் நாவலின் தொடக்க காலத்தோடு திருகோணமலைக்கு நெருங்கிய தொடர்புண்டு. சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வெளிவந்தது. அதனையடுத்துத் திருகோணமலை இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வந்தது. அதே ஊரவரான த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் சென்னையில் அச்சேறியது. தமிழின் முதல் வரலாற்று நாவலென ஆய்வாளர் பலர் கொள்வது இதனையே.

எனினும் இவற்றின் களங்களை நோக்குக. முதலாவது எகிப்திலும் இந்திய நகரங்களிலும் நிகழ்வது. இரண்டாவது ஐரோப்பிய வீரக்கதையொன்றின் வழிவந்தது. மூன்றாவது நாயக்கர் அரசவையை நாடியது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனுக்கும் கொட்டியாரக் குடாவில் வலை வீசியவனுக்கும் இவற்றில் இடமில்லை. காலனித்துவக் கல்வி பெற்ற சிறு கூட்டத்தினரே எழுதுவோராகவும் வாசிப்போராகவும் இருந்த சூழலில் இது வியப்பன்று. ஆயினும் ‘மோகனாங்கி’யை ஒதுக்கிவிடுதல் தகாது. பெண்விடுதலையை வலியுறுத்தித் ‘தத்தைவிடுதூது’ (1892) பாடியவரின் காதற்கதை அது என்பதை மனங்கொண்டு வாசித்தல் வேண்டும்.

உழைப்பவன் கதைக்குள் வந்தபின் எழும் வினா வேறு: தொழிற்கருவி யாருடையது? மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ நாவலன்று, சிறுகதையே; எனினும் சொந்தத் தோணிக்கு ஏங்கும் மீனவச் சிறுவன் வாயிலாக இவ்வினாவை அது கூர்மையாக எழுப்புகிறது.

இக்கண்கொண்டு தகழியின் ‘செம்மீ’னை (1956, சுந்தர ராமசாமியின் தமிழாக்கமுண்டு) வாசிக்குமாறு பரிந்துரைப்போம். கடலுக்குச் சென்ற கணவனின் உயிரைக் கரையிலிருக்கும் மனைவியின் கற்பு காக்கிறது என்னும் நம்பிக்கையே பெரிதும் பேசப்படுவது. நாம் அழுத்த விரும்புவது கடனை. செம்பன்குஞ்சு தோணியும் வலையும் வாங்கப் பரீக்குட்டி என்னும் முஸ்லிம் சிறுவியாபாரி கைகொடுக்கிறான். கடன் திரும்பாமையால் நொடித்துப்போகிறான். காதலின் அவலத்துக்கு அடியில் இந்தப் பொருளியல் அவலம் கிடக்கிறது. காதலை மட்டும் கண்டு கண்ணீர் விடுவோர் பாதி நாவலையே வாசித்தவராவர்.

குறிஞ்சாக்கேணி வாசகர் முதலில் எடுக்கவேண்டியது தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) என்பது நம் துணிபு. வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் நிலமானிய அதிகாரம், அதற்கு அரணாக நிற்கும் சமயப் போர்வை, ஆங்கிலப் பள்ளிக்கு எழும் எதிர்ப்பு, முதலாளிக்குப் பணிய மறுக்கும் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது ஆகிய அனைத்தும் ஒரே முஸ்லிம் கிராமத்தினுள் வைத்துக் காட்டப்படுகின்றன. சமூகமொன்றைப் பிளவற்ற முழுமையாகக் கருதும் நம்மவரின் பழக்கத்துக்கு இது நல்ல மருந்து. யாழ்ப்பாணச் சமூகத்தைப் பற்றி அதே மயக்கம் உடையோருக்கு டானியலின் ‘பஞ்சமர்’ (1972) உண்டு.

இவ்வினா குறிஞ்சாக்கேணியில் ஏட்டளவில் நிற்பதன்று. 2021 நவம்பர் 23ஆம் நாள், பாலம் கட்டப்பட்டு வந்த வேளையில் மாற்றாக ஓடிய மிதப்புப் பாதை கவிழ்ந்து, பள்ளிச் சிறார் உட்படப் பயணிகள் மாண்டனர். கலம் யாருடையது, அதன் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார் என்று அவ்வூரார் கேட்டது எந்த நாவலையும் வாசித்தன்று.