10 ரூபாய் ஸ்டாம்பு போதும்... அரசு ஆபீஸ் கணக்கை யாரும் கேட்கலாம்!

தென்காசி:-

குற்றாலத்தில் சாரல் அடிக்க ஆரம்பித்தால் போதும், கடை ஏலம், வண்டி நிறுத்த கட்டணம், கழிப்பறை கட்டணம் என்று பணம் புரள ஆரம்பித்து விடும். "இந்த காசெல்லாம் எங்க போகுது?" என்று டீக்கடையில் கேட்பவர்கள் நிறைய பேர். அதையே ஒரு பேப்பரில் எழுதி ஆபீசில் கேட்பவர்கள் ரொம்ப குறைவு. ஆனால் எழுதிக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமை சட்டம்.

கூலிக்காரர்கள் போட்ட விதை

இந்த சட்டம் டெல்லியில் தானாக முளைத்தது அல்ல. ராஜஸ்தானில் பஞ்சத்தால் நடந்த அரசு வேலைகளில் மண் சுமந்த கூலி ஆட்களுக்கு சரியான கூலி கிடைக்கவில்லை. கேட்டால், "நீ வேலை செஞ்சது கணக்குல இல்ல" என்றார்கள். "அப்போ அந்த கணக்கை காட்டுங்க" என்று கிளம்பியது, அருணா ராய் உள்ளிட்டோர் 1990-ல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு.

1994 டிசம்பர் 2-ந் தேதி கோட் கிரானா என்ற கிராமத்தில் ஊரைக் கூட்டி, வருகைப் பதிவேட்டை சத்தம் போட்டு வாசித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி, நடக்காத வேலைக்கு பில் என்று குட்டு வெளிப்பட்டது. 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. அந்த போராட்டம் நாடு முழுக்க பரவித்தான் 2005 அக்டோபர் 12-ந் தேதி மத்திய சட்டம் முழுமையாக அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1997-ல் ஒரு தகவல் சட்டம் வந்தது. ஆனால் அதில் விதிவிலக்குகள் ஏராளம்.

எப்படி கேட்பது?

வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினால் போதும். மேலே "பொதுத் தகவல் அலுவலர்" என்று போட்டு ஆபீஸ் பெயரை எழுத வேண்டும். 10 ரூபாய்க்கு கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். வறுமைக்கோட்டுக்கு கீழே உள்ளவர்கள், அதற்கான சான்றை இணைத்தால் கட்டணமே கிடையாது. "உனக்கு எதுக்குய்யா இது?" என்று கேட்க அதிகாரிக்கு உரிமை இல்லை.

பேரூராட்சிக்கு அனுப்புவதா, வனத்துறைக்கு அனுப்புவதா என்று குழப்பமா? கவலை வேண்டாம். மனு இடம் மாறிப் போய்விட்டால், சரியான ஆபீசுக்கு 5 நாளில் அனுப்பி வைப்பது அவர்கள் பொறுப்பு.

30 நாளில் பதில் தர வேண்டும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் 48 மணி நேரம்தான். கெடு தாண்டி விட்டால் நகல்களை இலவசமாகவே தர வேண்டும். பதில் வரவில்லையா, அரைகுறையாக வந்ததா? 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநில தகவல் ஆணையத்துக்கு போகலாம். தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தடித்த அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

கேள்வியில்தான் சூட்சுமம்

"ஏன் ரோடு போடலை?", "ஊழல் நடந்துச்சா இல்லையா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஆபீசில் உள்ள ஆவணத்தைத்தான் கேட்க முடியும். விளக்கமோ கருத்தோ கேட்க முடியாது. "இந்த சீசனுக்கு வண்டி நிறுத்த ஏலம் எவ்வளவு தொகைக்கு போனது? வசூலிக்க அனுமதித்த கட்டணம் எவ்வளவு? ஒப்பந்த நகல் தரவும்" என்று கேட்க வேண்டும். அந்த நகல் கையில் இருந்தால், கூடுதலாக பணம் பிடுங்குபவரிடம் நீட்டிக் காட்டலாம்.

அதே மாதிரி தெருவில் போட்ட சிமெண்ட் ரோட்டின் மதிப்பீடு, அளவுப் புத்தக நகல் கேட்கலாம். நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், ஜல்லி, சிமெண்ட் மாதிரி எடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆபீசில் உட்கார்ந்து பைலைப் பார்த்தால் முதல் ஒரு மணி நேரத்துக்கு கட்டணம் இல்லை.

லஞ்சம் கேட்டால்?

"5-வது தூண்" என்ற தமிழக அமைப்பு 2007-ல் பூஜ்ய ரூபாய் நோட்டு அச்சடித்து வினியோகித்தது. பார்க்க 50 ரூபாய் நோட்டு மாதிரி இருக்கும். லஞ்சம் கேட்பவர் கையில் அதைக் கொடுத்தால், வாயால் சொல்லத் தயங்கியதை நோட்டு சொல்லி விடும். வெளிநாட்டு பத்திரிகைகள் வரை இது பேசப்பட்டது.

2018-ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்பு சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். மிரட்டி வாங்கி விட்டார்கள் என்றால் 7 நாளுக்குள் புகார் செய்தால் கொடுத்தவர் தப்பிக்கலாம். முன்கூட்டியே லஞ்ச ஒழிப்பு போலீசாரிடம் சொல்லி விட்டு, ரசாயன பவுடர் தடவிய நோட்டை கொடுத்தால் அது குற்றம் ஆகாது.

ஊர் கூடினால் பலம்

கிராம ஊராட்சிகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று 4 கிராம சபை கூட்டங்கள் நடந்து வந்தன. 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டு 6 ஆனது. வரவு செலவு கணக்கை அங்கே வைக்க வேண்டும். தனி ஆளாக கேட்க பயப்படுபவர்கள் பத்து பேராக சேர்ந்து அங்கே கேட்கலாம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ந் தேதி. அதனால் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க நெல்லை வரை பஸ் ஏற வேண்டியதும் இல்லை.

புதிதாக ஒரு சிக்கல்

டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் மூலம் தகவல் சட்டத்திலும் திருத்தம் செய்யப்பட்டு, 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. தனிநபர் விவரம் என்றாலே மறுக்க இது வழி செய்கிறது என்பது சமூக அமைப்புகளின் புகார். பயனாளி பட்டியலில் பெயரே இல்லாவிட்டால் போலி ஆளை எப்படி கண்டுபிடிப்பது? கோட் கிரானாவில் பெயரை வாசித்ததால்தானே திருட்டு வெளியே வந்தது?

இருந்தாலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. பொதுநலன் பெரிது என்றால் தகவல் தரலாம் என்ற 8(2) பிரிவு நீக்கப்படவில்லை. மனுவில் அந்த பிரிவைக் குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்பதையும் இரண்டு வரி எழுதுவது நல்லது.

மனுவின் நகலையும், தபால் ரசீதையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு போகும்போது 30 நாள் கெடு தாண்டியதை காட்ட அதுதான் சாட்சி.