நாக் ஹமாதிச் சுவடிகளும் பரங்கிமலைத் தோமையாரும்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த பரங்கிமலையே, இயேசுவின் பன்னிரு சீடருள் ஒருவரான தோமையார் உயிர்நீத்த இடம் என்பது தென்னிந்தியக் கிறித்தவர் நெடுங்காலமாகப் போற்றிவரும் மரபு. அவர் பெயரைத் தாங்கியதும் திருச்சபை தன் மறைநூல் வரிசையில் சேர்க்காததுமான நற்செய்தி ஒன்று, 1945 டிசம்பரில் மேல் எகிப்தின் நாக் ஹமாதிக்கு அருகே உரமண் தோண்டிய உழவர்களுக்கு ஒரு சாடிக்குள் கிடைத்தது.

அச்சாடியில் தோலுறையிட்ட பாப்பிரஸ் தொகுதிகள் இருந்தன. 13 என எண்ணப்படும் அவற்றில் 50-க்கும் மேற்பட்ட நூல்கள் அடங்கியுள்ளன, சில ஏடுகள் அடுப்பெரிக்கப் போயின என்றும் சொல்லப்படுகிறது. அனைத்தும் கிரேக்க மூலங்களிலிருந்து காப்டிக்கில், அதாவது கிரேக்க எழுத்துகளோடு எகிப்திய எழுத்துகள் சிலவற்றையும் சேர்த்து எழுதப்பட்ட எகிப்திய மொழியின் கடைசி வடிவில் பெயர்க்கப்பட்டு, 4ஆம் நூற்றாண்டளவில் படியெடுக்கப்பட்டவை. இவற்றுள் பல, இவ்வுலகைப் படைத்தது பரம்பொருள் அன்று, அதனினும் தாழ்ந்த ஒரு சக்தியே என்றும், உடலில் சிறைப்பட்ட உயிர் தன் மூலத்தை அறிவதாலேயே விடுபடும் என்றும் கூறும் ஞானவாதத்தைச் சார்ந்தவை. 6ஆம் தொகுதியிலோ, எகிப்தியரின் தெய்வமான தோத்தும் கிரேக்கரின் தெய்வமான ஹெர்மிசும் ஒன்றாகி உருவான ஹெர்மிஸ் என்னும் ஆசான், எட்டாம், ஒன்பதாம் வான்மண்டலங்களைப் பற்றி மாணவனுக்கு உபதேசிக்கும் உரையாடல் உள்ளது. இவ்வகை நூல்கள் ஹெர்மிய நூல்கள் எனப்படும்.

2ஆம் தொகுதியிலுள்ள தோமா நற்செய்தி கதை சொல்வதில்லை. பிறப்பு, அற்புதங்கள், சிலுவைப்பாடு எவற்றையும் விவரிக்காமல் இயேசுவின் 114 கூற்றுகளை மட்டுமே அது அடுக்கிச் செல்கிறது.

அகத்தை அறியச் சொல்லும் இந்நூல்களைச் சித்தர் மரபோடு இணைத்துப் பார்க்கும் ஆசை தமிழ் வாசகருக்கு எழுவது இயல்பே. வணிக வரலாறும் அதற்குத் தூபமிடுகிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய வசவசமுத்திரத்தில் ஆம்போரா என்னும் ரோமானியச் சாடிகளின் உடைசல்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. செங்கடல் துறைகளான பெரெனிகேயிலும் குசேர் அல்-காதிமிலும் தமிழ்ப் பிராமி பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. இத்துறைகளில் இறங்கிய இந்தியச் சரக்கு, பாலைவனத்தை ஒட்டகங்களில் கடந்து, நைல் கரையின் கோப்டோஸில் படகேறி, பிற்காலத்தில் நாக் ஹமாதிச் சாடி புதைக்கப்பட்ட இடத்துக்கு அருகாகவே அலெக்சாந்திரியாவுக்குச் சென்றது. ஆயினும் மிளகு போன வழியே தத்துவமும் போனது என்பதற்கு அதனினும் வலுவான சான்று வேண்டும்.

தோமையாரை இந்தியாவோடு இணைப்பது 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘தோமா பணிகள்’ என்னும் வேறொரு நூல். அதுவும் அவரை வடமேற்கு இந்தியாவை ஆண்ட கொண்டபெர்னஸின் அவைக்கே முதலில் அனுப்புகிறது. பரங்கிமலையில் 1547-இல் போர்த்துகீசியர் கண்டெடுத்த, பாரசீகப் பகலவி எழுத்து பொறித்த கற்சிலுவையும் தோமையாரின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டதே. காப்டிக் நற்செய்தியின் 114 கூற்றுகளிலோ இந்தியா என்னும் பெயரே இல்லை. பரங்கிமலை மரபுக்கு அந்நூலைச் சான்றாகக் காட்ட இயலாது.