ஜெபமும் தாழ்மையும்

கோலசிலாங்கூர்த் தோட்டத்து லயத்தில் என் பாட்டி பெரட்டுக்குப் போகுமுன் முழங்காலிட்டு ஜெபிப்பார். மூத்த மகன் குடியை விடவேண்டும், வேண்டுதல் அவ்வளவுதான். மாமா விடவில்லை. “கிடைக்காததை ஏன் பாட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்?” என்று படிவம் ஐந்தில் கேட்டேன். “கேட்கிறேன் ஐயா, வசூலிக்கவில்லை. நான் என்ன கடன் கொடுத்தவளா?” என்றார்.

அப்பதிலின் பொருள் பல்கலைக்கழகத்தில்தான் விளங்கியது. திருநெல்வேலி வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). ஜான் பனியனின் மோட்சப் பிரயாணக் கதையைத் (1678) தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் நூலாயிற்று. கிறிஸ்தவக் கம்பர் எனப்படும் அவரை நம் தமிழ்த்துறை மாணவர்களே அதிகம் படிப்பதில்லை என்பது என் குறை.

பனியன் கதையில், மலையேறிய பயணி அடுத்துத் தாழ்மைப் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். ஏறுவது கடினம், இறங்குவதோ ஆபத்து. கவனமாக இறங்கியும் ஓரிரு முறை வழுக்குகிறான். பிறகு வரும் மரணநிழல் பள்ளத்தாக்கில் வாள் பயன்படவில்லை. அதை உறையிலிட்டு, ஜெபம் என்னும் ஆயுதத்தை எடுக்கிறான்.

லூக்கா 18-ஆம் அதிகாரத்திலும் இவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன. சோராமல் நீதி கேட்கும் விதவை முதலில். கண்களை வானத்துக்கு ஏறெடுக்கத் துணியாத ஆயக்காரன் அடுத்து. விதவையை மட்டும் படித்தால் ஜெபம் நச்சரிப்பாகிவிடும். ஆயக்காரனை மட்டும் படித்தால் கேட்கவே கூச்சம் வரும். நான் முதல் வகை. தேர்வு முடிவு வந்ததும் ஜெபத்தை நிறுத்தியவன்.

மாமா இன்னும் குடிக்கிறார். பாட்டி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின்னும் அதே நேரத்தில் எழுகிறார். விடுமுறைக்குப் போனால் நானும் பக்கத்தில் முழங்காலிடுகிறேன்.