ஏலச்சீட்டு

ஏலச்சீட்டு என்பது ஒரு குழுவினர் மாதந்தோறும் குறித்த தொகையைக் கட்டி, சேர்ந்த பணத்தை மாதத்திற்கு ஒருவர் என ஏலத்தின் மூலம் எடுத்துக்கொள்ளும் முறையாகும். குழுவில் எத்தனை பேரோ அத்தனை மாதங்கள் சீட்டு நடக்கும். ஒவ்வொருவரும் ஒருமுறை மட்டுமே பணம் எடுக்க முடியும். எடுத்த பிறகும் கடைசி மாதம் வரை தவணை கட்ட வேண்டும். முன்னதாக எடுப்பவருக்கு இது கடன். கடைசியில் எடுப்பவருக்கு இது சேமிப்பு. ஒரே சீட்டு இருவருக்கும் இருவேறு பொருளாக இருப்பதே இம்முறையின் சிறப்பு. இதைக் கவனிக்காமல் சேர்வதே பலர் கணக்குத் தவறுவதற்குக் காரணம்.

பெயரும் பரவலும்

சீட்டு என்ற சொல்லுக்குத் துண்டு ஓலை, துண்டுத்தாள் என்று பொருள். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுக்கும் வழக்கத்திலிருந்து இப்பெயர் வந்ததாகக் கருதப்படுகிறது. கேரளத்தில் இது குறி, சிட்டி என்ற பெயர்களில் வழங்குகிறது. அங்கு மாநில அரசே 1969 முதல் கேரள மாநில நிதி நிறுவனம் என்ற பெயரில் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு சீட்டு நடத்திவருகிறது. இலங்கையில் தமிழரும் சிங்களவரும் சீட்டு என்றே அழைக்கின்றனர். மலேசியாவில் இது கூட்டு எனப்படுகிறது. அதை வணிகமாக நடத்துவதை அந்நாட்டின் 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

இதைப் போன்ற முறைகள் உலகின் பல பகுதிகளில் உள்ளன. எத்தியோப்பியாவின் எக்குப், கானாவின் சுசு, மெக்சிக்கோவின் தாண்டா, இந்தோனேசியாவின் அரிசான், கொரியாவின் கே ஆகியவை அவற்றுள் சில. மானிடவியலாளர் கிளிஃபோர்டு கீர்ட்சு 1962ஆம் ஆண்டிலும், சர்லி ஆர்டனர் 1964ஆம் ஆண்டிலும் இவற்றை ஒப்பிட்டு எழுதிய கட்டுரைகள் இத்துறையில் முன்னோடியானவை.

வகைகள்

குலுக்கல் சீட்டில் யார் எடுப்பது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். தள்ளுபடி கிடையாது. முதலில் எடுப்பவருக்கு வட்டியில்லாக் கடன் கிடைக்கிறது. கடைசியில் எடுப்பவர் வட்டியின்றிக் காத்திருக்கிறார். உறவினர், அலுவலக நண்பர்கள், ஒரே தெருவில் வாழும் பெண்கள் ஆகியோரிடையே இது மிகுதி.

ஏலச்சீட்டில் பணம் தேவைப்படுவோர் போட்டியிட்டுக் கேட்பர். மொத்தத் தொகையில் யார் அதிகமாக விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்கே சீட்டு. விட்டுக்கொடுக்கும் தொகை தள்ளு எனப்படும். அதில் சீட்டு நடத்துபவரின் கமிசன் போக மீதி எல்லா உறுப்பினர்களுக்கும் சமமாகப் பிரிக்கப்படும். இந்தப் பங்கிற்குக் கசர் என்று பெயர். கசரைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் உறுப்பினர் தவணையாகக் கட்டுவார்.

தீபாவளிச் சீட்டு, நகைச்சீட்டு போன்றவை பெயரில் மட்டுமே சீட்டு. அவற்றில் ஏலமோ, உறுப்பினர்களிடையே பணம் சுற்றுவதோ இல்லை. அவை பொருள் வாங்குவதற்காக முன்கூட்டியே தவணையில் செலுத்தும் பணமாகும்.

ஒரு மாதக் கணக்கு

20 பேர் மாதம் 5,000 ரூபாய் வீதம் 20 மாதங்களுக்குச் சேரும் சீட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தத் தொகை 1,00,000 ரூபாய். நடத்துபவரின் கமிசன் 5 சதவீதம், அதாவது மாதம் 5,000 ரூபாய் என்று கொள்வோம்.

ஒரு மாதத்தில் ஒருவர் 25,000 ரூபாய் தள்ளி எடுக்கிறார் எனில் அவர் கைக்கு வருவது 75,000 ரூபாய். தள்ளிய 25,000 ரூபாயில் கமிசன் 5,000 போக மீதி 20,000. இதை 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,000 ரூபாய் கசர். எனவே அந்த மாதம் ஒவ்வொருவரும் 5,000 ரூபாய்க்குப் பதில் 4,000 ரூபாய் கட்டினால் போதும்.

முழுச் சீட்டின் கணக்கு

தொடக்க மாதங்களில் தேவையுள்ளோர் பலர் இருப்பதால் தள்ளு அதிகமாக இருக்கும். மாதங்கள் செல்லச் செல்லக் குறையும். கடைசி மாதத்தில் எஞ்சியிருப்பவர் ஒருவரே என்பதால் கமிசன் மட்டும் கழியும். மேற்கண்ட சீட்டில் தள்ளு பின்வருமாறு போவதாக வைத்துக்கொள்ளலாம்:

1 முதல் 5ஆம் மாதம் வரை: தள்ளு 25,000, கட்டும் தவணை 4,000
6 முதல் 10ஆம் மாதம் வரை: தள்ளு 20,000, கட்டும் தவணை 4,250
11 முதல் 15ஆம் மாதம் வரை: தள்ளு 15,000, கட்டும் தவணை 4,500
16 முதல் 19ஆம் மாதம் வரை: தள்ளு 8,000, கட்டும் தவணை 4,850
20ஆம் மாதம்: தள்ளு 5,000, கட்டும் தவணை 5,000

இதன்படி 20 மாதங்களில் ஒவ்வொருவரும் கட்டும் மொத்தப் பணம் 88,150 ரூபாய். எந்த மாதத்தில் எடுத்தாலும் கட்டும் தொகை இதுவே. கைக்கு வரும் தொகைதான் மாறுகிறது. 2ஆம் மாதத்தில் எடுத்தவருக்கு 75,000, 8ஆம் மாதத்தில் எடுத்தவருக்கு 80,000, 12ஆம் மாதத்தில் எடுத்தவருக்கு 85,000, 17ஆம் மாதத்தில் எடுத்தவருக்கு 92,000, கடைசியில் எடுத்தவருக்கு 95,000.

கடைசியாக எடுத்தவருக்கு 6,850 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது. அவர் கட்டிய ஒவ்வொரு தவணையும் எத்தனை மாதம் சீட்டில் இருந்தது என்று கணக்கிட்டால், இது ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத வட்டிக்குச் சமம். 2ஆம் மாதத்தில் எடுத்தவர் வாங்கியதைவிட 13,150 ரூபாய் அதிகமாகக் கட்டுகிறார். அவர் கொடுக்கும் வட்டி மாதத்திற்குச் சுமார் 1.9 சதவீதம், ஆண்டுக்கு ஏறக்குறைய 23 சதவீதம்.

ஒருவர் 23 சதவீதம் கொடுக்க, மற்றொருவருக்கு 10 சதவீதம் மட்டுமே கிடைப்பது ஏன் என்ற கேள்வி எழலாம். இடைவெளிக்குக் காரணம் கமிசன். மாதம் 5,000 வீதம் 20 மாதங்களில் நடத்துபவருக்குச் சேர்வது 1,00,000 ரூபாய், அதாவது ஒரு முழுச் சீட்டுத் தொகை. வசூல், கணக்கு, கட்டாதவரின் தவணைக்குப் பொறுப்பு ஆகியவற்றுக்கான கூலி அது.

கடனாகச் சீட்டு

23 சதவீதம் அதிகமா குறைவா என்பது வேறு வழி என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்குபவர் மாதத்திற்கு 10 சதவீதம் கொடுக்கிறார். அவருக்குச் சீட்டு பெரும் ஆறுதல். சம்பளச் சான்று காட்ட முடியாத சிறு கடைக்காரர், தள்ளுவண்டி வியாபாரி, தையல் தொழிலாளி ஆகியோருக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் வழிகள் குறைவு. அதே வேளையில், வீட்டில் நகை இருப்பவருக்கு வங்கியின் நகைக்கடன் இதைவிடக் குறைந்த வட்டிக்குக் கிடைக்கும். அவர் சீட்டைத் தள்ளி எடுப்பது நட்டம்.

எடுத்த பணம் எதற்குப் போகிறது என்பதும் முக்கியம். கடைக்குச் சரக்கு வாங்கி மாதம் 2 சதவீதத்திற்கு மேல் லாபம் காண்பவருக்குத் தள்ளு தாங்கும். புதிய கைப்பேசிக்காகவோ வீட்டு விழாவின் ஆடம்பரத்திற்காகவோ தள்ளி எடுத்தவர், பொருளின் புதுமை போன பிறகும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பார்.

சேமிப்பாகச் சீட்டு

வங்கியில் தொடர் வைப்புக் கணக்கு எளிதில் தொடங்கலாம். ஆயினும் பலர் சீட்டையே நாடுகின்றனர். அதற்கு வட்டியைவிடக் கட்டாயமே காரணம். வங்கியில் ஒரு மாதம் கட்டத் தவறினால் கேட்பார் இல்லை. சீட்டில் தவறினால் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். சம்பளம் வந்ததும் சீட்டுப் பணத்தை முதலில் எடுத்துவைக்கும் பழக்கம் இப்படித்தான் உருவாகிறது. செலவு போக மீதியைச் சேமிக்க நினைப்பவரிடம் பெரும்பாலும் மீதி இருப்பதில்லை. சேமிப்புப் போக மீதியைச் செலவிடும் ஒழுங்கைச் சீட்டு கற்றுக்கொடுக்கிறது.

ஒரு சீட்டை முழுமையாகக் கட்டி முடித்தவருக்குத் தம்மால் மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும் என்பது தெரிந்துவிடும். அதே தொகையைப் பின்னர் வங்கி, அஞ்சலகம் போன்ற இடங்களில் தாமாகவே செலுத்தும் துணிவு வருகிறது. இந்த வகையில் சீட்டு பணத்தை மட்டுமன்றிப் பணத்தைக் கையாளும் திறனையும் வளர்க்கிறது.

ஆபத்து எங்கே உள்ளது

மேற்கண்ட சீட்டில் 14 மாதங்கள் முடிந்ததும் நடத்துபவர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று கொள்வோம். 14 பேர் ஏற்கெனவே பணம் எடுத்துவிட்டனர். எஞ்சிய 6 பேர் ஒவ்வொருவரும் அதுவரை 59,250 ரூபாய் கட்டியிருப்பர். ஆறு பேரின் பணம் சேர்ந்து 3,55,500 ரூபாய். எடுத்தவர்கள் மீதித் தவணைகளைக் கட்டினால்தான் இவர்களுக்குப் பணம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவர்களைக் கட்டவைக்க வழியில்லை.

அதாவது, சீட்டில் மிகுதியான ஆபத்தைச் சுமப்பவர் பொறுமையாகக் காத்திருந்து சேமிப்பவரே. மகளின் திருமணத்திற்கோ மகனின் கல்லூரிக் கட்டணத்திற்கோ கடைசிச் சீட்டை நம்பியிருப்பவர் இந்த வகையினர். வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. சீட்டுக்கு அத்தகைய காப்பீடு இல்லை.

சட்டம்

தமிழ்நாட்டில் சீட்டுகளுக்காக 1961இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் இந்தியா முழுமைக்குமாக 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் வந்தது. இதன்படி முன் அனுமதியும் பதிவும் இன்றிச் சீட்டு தொடங்கக் கூடாது. நடத்துபவர் வங்கி வைப்பு, அரசுப் பத்திரம் போன்ற வடிவில் பிணை தர வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஏலத்தின் நடவடிக்கைகளும் பதிவு செய்யப்பட வேண்டும். பணம் எடுப்பவர் மீதித் தவணைகளுக்கு ஜாமீன் கொடுக்க வேண்டும். தள்ளுக்கும் உச்ச வரம்பு உண்டு. பலர் அந்த வரம்பையே கேட்டால் அவர்களிடையே குலுக்கல் நடக்கும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கமிசனின் உச்ச வரம்பை 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக உயர்த்தியது. சீட்டு தொடர்பான தகராறுகள் உரிமையியல் நீதிமன்றத்திற்குச் செல்வதில்லை. சீட்டுப் பதிவாளர் வழியாகவே தீர்க்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் இப்பணியைப் பதிவுத்துறை கவனிக்கிறது.

பரிசுச் சீட்டு என்பது வேறு. அதிர்ஷ்டக் குலுக்கலில் பரிசு விழுந்தவர் அதன்பின் தவணை கட்ட வேண்டியதில்லை என்பன போன்ற திட்டங்கள் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளன.

சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

சீட்டு பதிவு செய்யப்பட்டதா என்பதை, நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், சேரவிருக்கும் அந்தக் குறிப்பிட்ட சீட்டுக் குழுவுக்கு அனுமதி எண் உள்ளதா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். ஒப்பந்தப் படியும் பாஸ் புத்தகமும் கையில் இருக்க வேண்டும். கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் ரசீது பெற வேண்டும். கசரை எதிர்பார்க்காமல் முழுத் தவணையையும் 20 மாதமும் கட்ட முடியுமா என்று வருமானத்தைக் கொண்டு பார்க்க வேண்டும். ஒரு சீட்டை எடுத்து மற்றொரு சீட்டுக்குக் கட்டும் நிலை வந்தால் அது சேமிப்பு அன்று, கடன் சுழல்.

சேரும்போதே எடுக்கப்போகும் மாதத்தையும், அதிகபட்சம் எவ்வளவு தள்ளலாம் என்பதையும் எழுதிவைத்துக்கொள்வது நல்லது. ஏலத்தில் ஒருவர் 20,000 என்றதும் மற்றவர் 22,000 என்பார். அந்தச் சூட்டில் கேட்கும் ஒவ்வோர் ஆயிரமும் கேட்பவர் கைக்கு வரும் பணத்திலிருந்தே குறைகிறது.