காத்தாடியும் வருமான வரியும்

திருநெல்வேலியிலிருந்து மதுரைச் சாலையில் கங்கைகொண்டானைத் தாண்டிக் கயத்தாற்றை நெருங்கினால், பார்க்கும் பக்கமெல்லாம் காத்தாடிதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்கோட்டைக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று இந்த மேட்டுக்காட்டில் வந்து மோதுகிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். காற்றாலைகள் இங்கே குவிந்ததற்கு இது போதாதா என்று கேட்கலாம். போதாது. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட 1799-லும் இதே காற்றுதான் அடித்தது.

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் அமைந்தது. கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் மின்வாரியமே சில காற்றாலைகளை நட்டுக் காட்டியது. தனியார் கூட்டமாக வந்தது தொண்ணூறுகளில். வந்தவர்களில் பலர் மின்சாரத் தொழில் செய்பவர்கள் அல்லர், நூற்பாலை முதலாளிகள். அவர்களை இழுத்து வந்தது வருமான வரிச் சட்டம். அன்று காற்றாலை வாங்கினால் அதன் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானம் என்று லாபத்தில் கழித்துக்கொள்ள முடிந்தது. நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடிய இயந்திரத்துக்குப் பாதிதான் கழிவு. அதனால் செப்டம்பர் முடிவதற்குள் ஓடவைத்துவிட வேண்டும் என்று ஒரு பரபரப்பு, தவறினால் மார்ச் முடிவதற்குள் என்று இன்னொன்று. செப்டம்பர் கடைசியில் காற்று ஓயத் தொடங்கியிருக்கும். காற்றுக்காலம் முடிந்த கையோடு காற்றாலையைத் திறந்துவைக்கும் வினோதம் இப்படித்தான் வந்தது.

நட்டாலே ஆதாயம் என்றால், எங்கே நடுகிறோம், எவ்வளவு ஓடும் என்று யார் துருவிப் பார்ப்பார்கள்? பொருந்தாத இடத்தில் நின்று சரியாக ஓடாத இயந்திரங்கள் சேர்ந்தன. எவ்வளவு கழிவு காட்டினாலும் கணக்கேட்டு லாபத்துக்கு ஓரளவு வரி கட்டியே ஆக வேண்டும் என்ற குறைந்தபட்ச மாற்று வரி 1996 வாக்கில் வந்ததும் சந்தை சரிந்தது. 1998-ல் சென்னையில் காற்றாலைத் தொழில்நுட்ப மையம் தொடங்கப்பட்டது. இன்றைய பெயர் தேசிய காற்றுசக்தி நிறுவனம். டென்மார்க் உதவியோடு அதன் சோதனை நிலையம் கயத்தாற்றில் அமைந்தது. எந்த வேகத்தில் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று இயந்திரத்தைக் காற்றில் நிறுத்தியே அளக்கிறார்கள். விற்பவர் சொல்வதை அளந்து பார்க்க உள்ளூரிலேயே ஓர் இடம் கிடைத்தது.

மின்வாரியமும் மாறத்தான் வேண்டியிருந்தது. ராஜபாளையத்து நூற்பாலைக்கு ஆண்டு முழுவதும் மின்சாரம் வேண்டும். காற்றோ சில மாதம்தான். ஆடியில் கொடுத்த யூனிட்டை மார்கழியில் திருப்பி எடுத்துக்கொள்ளும் ‘பேங்கிங்’ கணக்கை வாரியம் வைத்துக்கொண்டது. ஆடியில் வந்த மின்சாரத்தை அந்த நொடியே வேறு யாரோ செலவழித்துவிடுகிறார்கள். குதிரில் கொட்டி வைக்க அது நெல் இல்லை. மார்கழியில் வாரியம் நிலக்கரியை எரித்தோ வெளியில் வாங்கியோதான் கடனை அடைக்கிறது. போதாக்குறைக்கு, பழைய காற்றாலைகள் தங்கள் ஜெனரேட்டருக்கான காந்தப்புலத்தை உருவாக்க மின்கட்டமைப்பிலிருந்தே ஒரு வகைத் திறனை உறிஞ்சின. வாரியம் அதைத் தனியாக அளந்து கட்டணம் போட்டது. உரிமையாளர்கள் கெப்பாசிட்டர் பொருத்தினார்கள். காற்று மிகுந்த நாளில் கம்பிகள் தாங்காமல் காத்தாடிகளை நிறுத்தச் சொன்னதும் உண்டு. அந்தச் சுமையைத் தாங்க இன்று கயத்தாற்றில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் நிற்கிறது.

இந்தப் பேங்கிங் கணக்குதான் இப்போது இயந்திரத்தின் ஆயுளையும் தீர்மானிக்கிறது. நல்ல காற்றுள்ள இடங்களில் நிற்பவை 225, 250 கிலோவாட் குட்டைக் காத்தாடிகள். அவற்றில் எட்டுப் பத்தைக் கழற்றிவிட்டு, நூறு மீட்டருக்கு மேல் உயரமான ஒற்றை இயந்திரத்தை நிறுத்தலாம். பொறியியல் தயார். ஆனால் பக்கத்துப் பக்கத்து நிலத்துக்கு வெவ்வேறு உரிமையாளர்கள். புதியதை நட்டால் பழைய பேங்கிங் உரிமை நிலைக்குமா என்ற பயம் வேறு. இதற்கென்று தமிழ்நாடு அரசு 2024-ல் ஒரு கொள்கை வெளியிட்டது. பயம் மட்டும் போகவில்லை. அந்தக் கிழட்டு இயந்திரங்கள் ஓடுவதற்குக் காரணம் அவற்றின் உறுதி என்று நான் நம்பவில்லை, ஒப்பந்தத்தின் உறுதி.

கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் இதே கதையின் சூரிய அத்தியாயம் ஓடிக்கொண்டிருக்கிறது. டாடா பவர் குழுமத்தின் டிபி சோலார் ஆலையை முதல்வர் மு.க.ஸ்டாலின் 2025 பிப்ரவரியில் திறந்துவைத்தார். ஆண்டுக்கு 4.3 கிகாவாட் அளவுக்குச் சூரிய மின்கலமும் தகடும் செய்யும் திறன். தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். இங்கே வெயில் அடிப்பதற்கும் ஆலைக்கும் சம்பந்தமே இல்லை, தகடு செய்வது கூரைக்குக் கீழேதான். ஆலை எழுந்ததன் பின்னணியில் 2022 ஏப்ரலில் இறக்குமதித் தகடுகளுக்குப் போடப்பட்ட 40 சதவீதச் சுங்க வரியும், அங்கீகரிக்கப்பட்ட தயாரிப்பாளர் பட்டியலும் இருக்கின்றன. தகடுகளுக்கு இருந்த அந்தப் பட்டியல் 2026 ஜூன் முதல் மின்கலங்களுக்கும் பொருந்தும் என்று ஒன்றிய அமைச்சகம் 2024 டிசம்பரில் அறிவித்தது. தகட்டோடு நின்றுவிடாமல் மின்கலத்தையும் இங்கேயே செய்யும் ஆலைகளுக்கு அது சாதகம்.