அணைந்தால் நல்ல சேதி

மேலூரில் ஒரு கல்யாண வரவேற்பு. சாப்பிட்டுவிட்டு ஒத்தக்கடைக்குத் திரும்பும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. அப்பா விட்டுப்போன பழைய அம்பாசடரை நான் ஓட்ட, முன் சீட்டில் என் தங்கை மகள். படிப்பது ஆறாம் வகுப்பு. கேள்வி கேட்பதில் மட்டும் பிளஸ் டூ.

“மாமா, எவ்வளவு வேகத்துல போறோம்?”

குனிந்து பார்த்தேன். மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. எதிரே வந்த லாரியின் வெளிச்சம் உள்ளே அடித்தபோது முள் ஐம்பதுக்குப் பக்கத்தில் நிற்பது தெரிந்தது. லாரி போனதும் முள்ளும் போய்விட்டது.

“ஐம்பது இருக்கும்.”

“இருக்கும்னா? ரேடியோ கூட இருட்டா இருக்கு. முன்னாடி லைட் நல்லா எரியுது, உள்ள மட்டும் ஏன் எரியல?”

நல்ல கேள்விதான். மீட்டருக்குள் இரண்டு பல்பு. ஒன்று போன வருஷமே போய்விட்டது. இன்னொன்று இருக்கிறதே என்று நான் சும்மா இருந்துவிட்டேன். இப்போது அதுவும் போயிருந்தது. இதை அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோ எலெக்ட்ரிகல் கடைக்குப் போனோம். ஊருக்குப் பெயர்தான் ஒத்தக்கடை. யானைமலை அடிவாரத்தில் ஒற்றைக் கடை இருந்த காலம் எப்போதோ, இன்று சாலையின் இருபக்கமும் கடைதான். எலெக்ட்ரீஷியன் அண்ணன் பார்க்கிங் லைட்டைப் போடச் சொல்லி, பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“பின்னாடி எரியுது. மீட்டர் லைட்டும் அதே பியூஸ்லதான் வருது. அப்ப பியூஸ் நல்லாருக்கு. பல்புதான் பார்க்கணும்.”

வண்டியைத் தொடாமலே பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டார் பாருங்கள்! டாக்டர் நாடி பார்ப்பது போலத்தான் இதுவும்.

பிறகு பானெட்டைத் தூக்கி பேட்டரியின் மைனஸ் கிளாம்ப்பை முதலில் கழற்றினார். ஏன் மைனஸ்? இந்த வண்டியில் மைனஸ் முனை இரும்பு உடம்போடு இணைந்திருக்கிறது. பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறி பாடியில் பட்டால், பிளஸ்ஸும் மைனஸும் நேராகக் கைகுலுக்கிவிடும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் பாயும். ஸ்பேனர் பழுக்கும், பொறி பறக்கும். மைனஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது, இரண்டும் ஒன்றுதானே. அதை எடுத்துவிட்டால் பாதை அறுந்துவிடும். நீங்கள் வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். பெரியவர்கள் செய்யும்போது எந்த முனையை முதலில் கழற்றுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். டேஷ்போர்டு என்ற பெயரே குதிரை வண்டிக் காலத்துப் பெயர். குதிரையின் குளம்பு வாரி அடிக்கும் சேறு வண்டிக்காரர் மேல் படாமலிருக்க முன்னால் ஒரு பலகை வைத்திருந்தார்கள். குதிரை போய் இன்ஜின் வந்தது. பலகையும் பெயரும் நிலைத்துவிட்டன. சேறு தடுத்த பலகையில் மீட்டர்கள் குடியேறிவிட்டன.

சின்ன ஹோல்டர் ஒன்றை இழுத்தார், பல்போடு வந்தது. பட்டாணி அளவுதான். அதை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தவள், “உள்ள கரி பிடிச்சிருக்கு மாமா” என்றாள்.

கரி போலத்தான் இருக்கும். ஆனால் அது உலோகம். பல்புக்குள் இருக்கும் மெல்லிய இழை டங்ஸ்டன். 3422 டிகிரி செல்சியஸில்தான் உருகும். உலோகங்களிலேயே இதற்குத்தான் உருகுநிலை அதிகம். அதனால்தான் 2000 டிகிரிக்கு மேல் தகித்தும் உருகாமல் நிற்கிறது. ஆனால் உருகாவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். ரசம் கொதிக்கும்போது மூடியின் உட்புறத்தில் ஆவி படிகிறதல்லவா? அதேபோல டங்ஸ்டன் ஆவி குளிர்ந்த கண்ணாடியில் படிந்து கறுக்கிறது.

இழை எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. எங்கோ ஓரிடம் கொஞ்சம் மெலிந்துவிடும். மெலிந்த இடத்தில் மின்தடை அதிகம், அதனால் சூடு அதிகம். சூடு கூடினால் இன்னும் வேகமாக ஆவியாகும், இன்னும் மெலியும். கிழிந்த சட்டையில் கிழிசலே மேலும் மேலும் கிழிவது மாதிரி. கடைசியில் அந்த இடத்தில் அறுந்துவிடும்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பல்பு பெரும்பாலும் எரிந்துகொண்டிருக்கும்போது போவதில்லை. சுவிட்சைப் போட்ட அந்த நொடியில்தான் ‘டப்’ என்று போகும். உங்கள் வீட்டிலும் கண்டிருப்பீர்கள். காரணம் இதோ. 12 வோல்ட், 1.2 வாட் மீட்டர் பல்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எரியும்போது அதில் ஓடுவது 0.1 ஆம்பியர். அப்படியானால் தடை 120 ஓம். ஆனால் டங்ஸ்டன் குளிர்ந்திருக்கும்போது அதன் தடை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதனால் சுவிட்ச் போட்ட முதல் கணத்தில் பத்து மடங்கு மின்சாரம் உள்ளே பாய்கிறது. தூங்கிக்கொண்டிருப்பவனை எழுப்பி உடனே மூட்டை தூக்கச் சொன்னது போல. மெலிந்த இடம் அந்த அதிர்ச்சியைத் தாங்காது.

மின்னழுத்தமும் ஒரு காரணம். கொடுக்க வேண்டியதைவிட 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் பாதியாகிவிடும். போதாததற்கு நம் சாலைக் குலுக்கல் வேறு.

டங்ஸ்டனை இப்படி நூலாக இழுப்பதே ஒரு காலத்தில் முடியாத காரியம். தொட்டால் முறியும். அமெரிக்காவின் வில்லியம் கூலிட்ஜ்தான் 1910 வாக்கில் அதை வளையும் கம்பியாக்கும் வழியைக் கண்டார். 1913-ல் இர்விங் லாங்மியூர், பல்புக்குள் வெற்றிடத்துக்குப் பதில் மந்த வாயுவை அடைத்தால் ஆவியாவது குறையும் என்று காட்டினார்.

இதற்குள் அண்ணன் இரண்டாவது பல்பையும் எடுத்துவிட்டார். அதன் கண்ணாடி தெளிவாக இருந்தது, இழையும் முழுசு.

“இது போகவே இல்ல. ஹோல்டர்ல களிம்பு” என்றார். பித்தளையில் பச்சை படிந்திருந்தது. செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் வருமே, அதுதான். களிம்பு மின்சாரத்தை விடாது. உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு, அவ்வளவுதான். நல்ல பல்பைக் குற்றவாளியாக்கி ஒரு வருஷம் திட்டியிருக்கிறேன்.

“புதுசுக்கு எல்.ஈ.டி. போடலாமா? நீலம் இருக்கு.”

அவளுக்கு நீலம்தான் வேண்டும். எனக்கு வேண்டாம். பெரிய பஞ்சாயத்தே நடந்தது.

நீல எல்.ஈ.டி.க்கு ஒரு கதை உண்டு. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டி.யை நிக் ஹோலன்யாக் 1962-லேயே செய்துவிட்டார். நீலத்துக்கு முப்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவரும் காலியம் நைட்ரைடு என்ற முரட்டுப் பொருளோடு மல்லுக்கட்டிப் பெற்ற வெளிச்சம் அது. நீலம் வந்த பிறகுதான் வெள்ளையும் வந்தது: நீல எல்.ஈ.டி. மேல் மஞ்சள் ஒளி தரும் பொடியைப் பூசினால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. கொல்கத்தா பக்கம் உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பு நின்றதும் அதே 2014-ல்தான். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமில்லை; எனக்குச் சொல்லத் தோன்றியது.

சரி, நீலத்தை ஏன் வேண்டாம் என்றேன்? இருட்டில் நம் கண்ணில் வேலை செய்பவை ‘கோல்’ செல்கள். இருட்டுக்கு முழுசாகப் பழக அவற்றுக்கு இருபது முப்பது நிமிஷம் வேண்டும். அவை நீலப் பச்சைக்குத்தான் ரொம்பக் கூச்சப்படும். மீட்டரில் பளீரென்று நீலம் எரிந்தால், பழகிய கண் மறுபடி கூசும். சாலை ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டர் தெரியாது. சிவப்பு ஒளி இந்தச் செல்களை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. பழைய வண்டிகளில் மங்கலான பச்சை வைத்திருப்பார்கள். பச்சை, கொஞ்ச வெளிச்சத்திலேயே எழுத்தைக் காட்டும் நிறம். கொஞ்சம் என்பதுதான் முக்கியம். கடைசியில் மங்கலான பச்சைக்கு அவள் ஒப்புக்கொண்டாள், பதிலுக்கு ஒரு ஜிகர்தண்டா.

எல்.ஈ.டி.யைச் செருகி பேட்டரியை மாட்டினோம். எரியவில்லை! அண்ணன் சிரித்தபடி அதைக் கழற்றித் திருப்பிச் செருகினார். எரிந்தது. இழை பல்புக்கு மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான். எல்.ஈ.டி. ஒருவழிப் பாதை, எதிர்த்திசையில் வந்தால் உள்ளே விடாது. அதோடு அதற்கு மூன்று வோல்ட் போல இருந்தால் போதும். மீதி ஒன்பது வோல்ட்டைத் தாங்க உள்ளேயே ஒரு குட்டித் தடை வைத்திருக்கிறார்கள். மொத்தம் கால் வாட்தான் செலவு. அதிலும் முக்கால் பங்கு அந்தத் தடையைச் சூடாக்கவே போகிறது என்றால் நம்புவீர்களா? அப்படியும் பழைய பல்பில் ஐந்தில் ஒரு பங்குதான்.

ரேடியோவில் இருந்தது கோதுமை மணி அளவு பல்பு. ஆங்கிலத்திலும் அதற்கு அந்தப் பெயர்தான். இரண்டு ஒயரைப் பற்றவைத்து மாற்றினார். எங்கள் அப்பா அந்த வெளிச்சத்தில்தான் முள்ளைத் திருச்சி வானொலியின் 936-க்கு நகர்த்துவார். இலங்கை வானொலிக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை, காதே வழி சொல்லிவிடும்.

மீட்டர் வரிசையில் ஒரு சிவப்பு விளக்கு பாக்கி. சாவியைத் திருப்பினேன், சிவப்பு எரிந்தது. ஸ்டார்ட் செய்தேன், அணைந்துவிட்டது.

“ஐயோ, அதுவும் போச்சா?”

“போகல பாப்பா. அது அணைஞ்சாத்தான் நல்ல சேதி” என்றார் அண்ணன்.

அது சார்ஜ் விளக்கு. அதன் ஒரு முனை பேட்டரிப் பக்கம். மறுமுனை மின்சாரம் செய்யும் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் பக்கம். இன்ஜின் ஓடாதபோது பேட்டரிப் பக்கம் 12 வோல்ட், அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவது போல மின்சாரம் பல்பு வழியாக ஓடும், விளக்கு எரியும். இன்ஜின் சுற்றியதும் அந்தப் பக்கமும் ஏறிச் சமமாகிவிடும். கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு அணியும் சம பலம் என்றால் கயிறு நகராது. மின்சாரமும் நகராது. பல்பின் இரண்டு முனையிலும் வோல்ட் இருக்கிறது, ஆனாலும் எரியவில்லை! ஓடும்போது அது மறுபடி எரிந்தால்தான் கவலை: பேட்டரிக்குச் சாப்பாடு வரவில்லை என்று அர்த்தம்.

“இதுக்கும் எல்.ஈ.டி. போட்டுரலாமா?” என்று கேட்டாள்.

“இங்க மட்டும் கூடாது” என்றார் அண்ணன். பல ஆல்டர்னேட்டர்கள் தங்கள் காந்தத்தைத் தட்டி எழுப்ப இந்தப் பல்பு வழியாக வரும் மின்சாரத்தைத்தான் நம்பியிருக்கின்றன. எல்.ஈ.டி. விடும் துளி அதற்குப் போதாமல் போகலாம். அதனால் அந்த இடத்தில் பழைய இழை பல்பே இருந்துவிட்டது.

அன்று இரவு அவளுக்காகவே மாட்டுத்தாவணி வரை ஒரு சுற்றுப் போனோம். பச்சை வெளிச்சத்தில் முள் நாற்பதைத் தொட்டது. சிவப்பு விளக்கு அணைந்தே இருக்கிறதா என்று நிமிஷத்துக்கொரு தரம் எட்டிப் பார்த்தாள். பிறகு ரேடியோவின் குமிழைத் திருகினாள். எண்களெல்லாம் அழகாக ஒளிர்ந்தன.

“மாமா, சத்தம் வரலையே?”

அதற்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.