எந்த ஸ்கூல் தம்பி?



போன மாதம் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். சான்றிதழைப் புரட்டியவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஸ்கூல் தம்பி?"

"கவர்ன்மெண்ட் ஸ்கூல் சார், தமிழ் மீடியம்."

"சரி, சொல்லி அனுப்புறோம்."

அவ்வளவுதான். லேத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது கோபம் வந்தது. கோபம் ஆறியதும், அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று யோசித்தேன்.

2019-ல் புவிசார் குறியீடு பெற்றது நம் திண்டுக்கல் பூட்டு. ஊர்ப் பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனாலும் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? திறக்காத பூட்டை ஊர்ப் பெயருக்காக யாரும் வாங்குவதில்லை.

பூட்டைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். ஆளைச் சோதிக்க நேரமாகும். திறமை நேரே தெரியாதபோது முதலாளி படிப்பை ஓர் அடையாளமாகப் பார்க்கிறார் என்று 1973-ல் விளக்கியவர் பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ். 2001-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். பள்ளியின் பெயரும் அப்படியொரு அடையாளமே. ஆனால் அது பெரும்பாலும் அப்பாவால் எவ்வளவு ஃபீஸ் கட்ட முடிந்தது என்பதைத்தான் காட்டுகிறது. பையனின் கை வேலையைக் காட்டுவதில்லை.

அப்படியானால் பள்ளியைப் பார்க்கவே கூடாதா? அப்படியும் சொல்ல முடியாது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலை நேரடி நியமனத்தில் 20 சதவீத இடத்தை முன்னுரிமையாக ஒதுக்கியது 2010-ஆம் ஆண்டுச் சட்டம். பள்ளியில் ஆங்கில வழியில் படித்துவிட்டு, பட்டத்தை மட்டும் தமிழில் வாங்கியவர்களும் அந்த இடத்துக்கு வந்தார்கள். அதனால், வேலைக்குரிய தகுதிவரை பள்ளிப்படிப்பு உட்பட எல்லாமே தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்று 2020-ல் திருத்தினார்கள். இதிலும் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். இங்கே பள்ளியைக் கேட்பது, ஒருவன் எவ்வளவு தூரம் நடந்து வந்தான் என்று அறிவதற்காக. அந்த இன்டர்வியூவில் கேட்டது கதவைச் சாத்துவதற்காக. கேள்வி ஒன்றுதான், நோக்கம் வேறு.

நம் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. தன்னாட்சிக் கல்லூரிகள் நீங்கலாக, தமிழ்நாட்டு பாலிடெக்னிக்குகள் எல்லாவற்றுக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் பாடத்திட்டமும் தேர்வும் ஒன்றே. அந்த மார்க் ஷீட் கையில் இருக்கும்போது பத்தாம் வகுப்பு படித்த பள்ளியின் பெயர் எதற்கு? சந்தேகம் இருந்தால் ஒரு ராடைக் கொடுத்து ஸ்டெப் டர்னிங் போடச் சொல்லலாம். வெர்னியரில் அளந்து பார்க்கலாம். அளவு சரியா தப்பா என்று வெர்னியர் சொல்லிவிடும். அதற்கு ஸ்கூல் பேர் தெரியாது.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் சிலர் சூப்பர்வைசராகி ஆள் எடுக்கும் நாற்காலியில் உட்காருவோம். எதிரில் ஒரு தம்பி பயந்துபோய் உட்கார்ந்திருப்பான். அவனிடம் முதலில் ஸ்கூலைக் கேட்காமல் வெர்னியரைக் கொடுப்போம்.